நத்தார் வேனை ஓட்டியவள்

என் அன்பு மகனுக்கு,

நத்தார் அன்று பொழுது சாய்ந்த பிறகு நீ தோஹாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாய். நாங்கள் ரத்தோட்டைக்கு மேலே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் எரிந்த விளக்குகளைப் பார்த்ததுமே அது எந்த வீடு என்று உனக்கு விளங்கிவிட்டது. "அம்மா, அவ்வளவு மேலயா போயிருக்கீங்க? யாரு வேன் ஓட்டுனது?" என்று கேட்டாய். "நல்ல நம்பிக்கையான டிரைவர் ஒண்ணு கெடைச்சிச்சு அண்ணா" என்றாள் உன் தங்கை ரோஷினி. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். காரணம் தெரியாமலே நீயும் சிரித்தாய். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. மகனே, அந்த டிரைவர் நான்தான். இதை போனில் இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ முதலில் பயப்படுவாய், பிறகு ஏசுவாய், பிறகு ஏசியதற்கு மன்னிப்புக் கேட்பாய். நடந்த கதையைச் சொல்ல எனக்கு நேரமே இருக்காது. மாசியில் உனக்கும் ஷாமினிக்கும் கல்யாணம். அதற்கு முன் இதை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். ரோஷினி இதைப் பேஸ்புக்கில் போடப்போவதாகச் சொல்கிறாள். போடட்டும். உன்னைப் போல் நல்ல பிள்ளைகள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

உன் அப்பா வருஷம் முழுக்க ஊரார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியவர். நத்தார் அன்று மாலை மட்டும் அந்த வேன் நம்முடையது. கிறிஸ்து பிறப்புப் பூசை முடிந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் அவர் ஹார்ன் அடிப்பார். "சோடனை பாக்கப் போறவங்க ஏறுங்க, ஏறாதவங்க இருங்க!" என்று பஸ் கண்டக்டர் மாதிரி கத்துவார். உக்குவளையிலிருந்து உன் அத்தை, சித்தப்பா குடும்பம், நாங்கள் என்று வேன் நிறைந்துவிடும். நம்ம பலாபத்வலயில் தொடங்கி மாத்தளை டவுன் வரை, விளக்கும் நட்சத்திரமும் கட்டிய ஒவ்வொரு சோடனை வீடாக இறங்கி, பாலன் குடிலைப் பார்த்து, ஒரு பாட்டுப் பாடி, கொடுத்த கேக்கையும் இஞ்சி பீரையும் முடித்துவிட்டு, கடைசியாக ரத்தோட்டை ஏற்றம். அந்த வளைவுகளில் நீ எத்தனை முறை வாந்தி எடுத்திருக்கிறாய் என்று ஷாமினியிடம் நான் சொல்லமாட்டேன், பயப்படாதே. அத்தனை வருஷமும் நான் இடது பக்க முன் சீட்டில், மடியில் பலகார டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். ரோஷினி பிறந்த புதிதில் ஒருநாள், "எனக்கும் ஓட்டப் பழக்கிவிடுங்களேன்" என்று அப்பாவிடம் கேட்டேன். "ஒனக்கு எதுக்கு புள்ள அந்தக் கஷ்டம்? எங்க போகணும்னு சொல்லு, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. காய்ச்சலோடு கூட என்னைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவர் சொன்ன சொல்லை ஒருநாளும் தவறவிடவில்லை, அதனால் எனக்கும் இரண்டாம் தரம் கேட்கத் தோன்றவில்லை.

இதற்கு முந்திய வருஷம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது நீ ஓடி வந்தாய், ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நின்றாய், லீவு முடிந்து போனாய். போன பிறகு நீ ஒவ்வொரு வாரமும் சொன்னது ஒன்றைத்தான்: "வேன வித்துருங்கம்மா. சும்மா நின்னு துருப்புடிக்கும். எங்கயாவது போகணும்னா ஆட்டோ புடிங்க, நான் இருக்கேன்ல." நான் "சரி பாப்போம்" என்றேன். அந்த நத்தாருக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்திருந்தேன். மாலையானதும் வேன்கள் பிள்ளைகளின் பாட்டுச் சத்தத்தோடு டவுன் பக்கம் போகத் தொடங்கின. முதல் இரண்டு மூன்றை அவர் பார்த்தார். பிறகு இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தள்ளித் தள்ளி, தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் திருப்பிவிடப் போனேன். "வேணாம்" என்றார். நோய் வந்த பிறகு அவருக்கு ஒரு சொல் வருவதே பாடு. கொஞ்சநேரம் கழித்து இன்னொரு சொல் வந்தது. "பேட்டரி" என்றார். எனக்கு விளங்கவில்லை. ரோஷினிக்குத்தான் விளங்கியது. வேனை ஸ்டார்ட் பண்ணாமலே விட்டால் பேட்டரி செத்துவிடுமாம்.

அடுத்த நாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போய், முதல் தடவையாக வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். ஸ்டார்ட் பண்ண மட்டும் எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். இன்ஜின் இருமி இருமிப் பிடித்தது. உள்ளே வந்து பார்க்கிறேன், உன் அப்பாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் காலையில் தேநீருக்கு முன் அதுதான் என் வேலை. வெறுமனே உறுமவிட்டுக்கொண்டு இருப்பானேன் என்று ஒருநாள் கியரைப் போட்டேன். வேன் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. மறுநாள் கேட் வரை போனேன். அதற்கு மறுநாள் கேட்டையும் தாண்டப் பார்த்தேன். மகனே, கேட் தூண் உடைந்திருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாயே, மணல் லொறி இடித்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். இடித்தது நான். சத்தம் கேட்டு ரோஷினி ஓடி வந்தாள். பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, செய்றதா இருந்தா ஒழுங்காப் படிச்சிச் செய்ங்க, நான் டவுன்ல ஓட்டப் பழக்குற லேர்னர்ஸ்ல விசாரிக்கிறேன்" என்றாள்.

லேர்னர்ஸில் எல்லோரும் உன் தங்கை வயசுப் பிள்ளைகள். என்னைப் பார்த்து யாருடைய அம்மாவோ கூட வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டார்கள். பழக்கியவர் ஒரு சிங்களவர், தலை நரைத்தவர், நல்ல பொறுமைசாலி. நான் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பயந்து ஓரத்தில் ஒதுங்கும்போது "பய வென்ன எபா அக்கா" என்பார். பயப்பட வேண்டாம் என்று அவர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாரோ. எழுத்துப் பரீட்சை லேசாகப் போய்விட்டது. ஓட்டிக் காட்டும் ட்ரயல்தான் என்னைக் கவிழ்த்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்துவிட்டேன். சோதிக்க வந்த அதிகாரி கையால் "இறங்குங்க" என்று காட்டினார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் "பெயில்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தோள் குலுங்கியது. எனக்குத் திக்கென்றது, மறுபடியும் ஏதோ வந்துவிட்டதென்று. கிட்டப்போனால், சிரிக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நோய் வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்காக இன்னும் இரண்டு தரம் பெயிலாகலாம் என்று தோன்றியது.

அன்று முதல் அவர் என்னோடு வேனில் ஏறிக்கொண்டார். அண்ணன் முறையாகப் பழகும் பாரிஸ் நானாவின் டயர் கடைக்குப் பின்னால் கிடக்கும் வெறுங்காணியில் ரிவர்ஸ் பழகினோம். நானா தானே பழைய டயர்களைக் கொண்டுவந்து கம்பத்துக்குப் பதிலாக வைத்தார். "டயர்ல இடிச்சா வேனுக்கும் நோவாது தங்கச்சி, டயருக்கும் நோவாது" என்றார். உன் அப்பாவுக்குச் சொல் வராத கோபம். "கிளட்ச்... கிளட்ச்... ஐயோ" என்று இடது கையால் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் எனக்கும் பொறுக்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, "இந்தா பாருங்க, நீங்க கத்துனா நான் எறங்கி வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் ஒங்கள யாரு எறக்குறதுன்னு யோசிச்சிக்கங்க" என்றேன். டயர் அடுக்கிக்கொண்டிருந்த நானா அப்படியே உட்கார்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அப்பா கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். இரண்டாவது ட்ரயலில் பாஸானேன். லைசன்ஸ் கையில் வந்த அன்று அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன். என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நத்தார்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ரோஷினி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நத்தார் அன்று நானே ஹார்ன் அடித்தேன். உன் அத்தை கேட்டடியில் நின்று, "பொம்பள ஓட்டுற வேன்ல நான் ஏறமாட்டேன்டியம்மா, எனக்கு இன்னும் பேரப்புள்ள கல்யாணம் பாக்கணும்" என்றார். "அப்ப இருங்க மைனி, வரும்போது கேக் கொண்டு வாறோம்" என்று கியரைப் போட்டேன். "நில்லுடி, நில்லு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து செபமாலையை எடுத்துக்கொண்டார். சித்தியும் பிள்ளைகளும் ஏறினார்கள். உன் சித்தப்பா மட்டும் ஏறவில்லை. "ஒரு அவசரம்னா ஆள் வேணும்ல அண்ணி" என்று மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். மந்திரிக்குப் பாதுகாப்பு வருவது மாதிரி அவர் வர, நான் போனேன். பலாபத்வல பேக்கரிக்காரர் வீட்டில் இந்த வருஷம் குடைக்கம்பிகளை வளைத்துச் செய்த நட்சத்திரம், கூரையையே மறைத்தது. டவுனில் கோவிலுக்குப் பின் தெருவில் ஒரு வீட்டு விறாந்தை முழுக்கக் குடில். நிசத் தேயிலைக் கொழுந்துக் கிளைகளை மண்ணில் நட்டு, மலை செய்து, மீன் தொட்டி மோட்டாரால் அருவி விட்டிருந்தார்கள். அருவிக்கரையில் கொழுந்துக் கூடையோடு சின்னப் பொம்மைகள், அவற்றுக்கு நடுவில் பாலன். உன் சித்தியின் சின்னவன், "இயேசப்பா எஸ்டேட்லயா பொறந்தாரு?" என்று கேட்டான். வீட்டுக்காரி, "ஆமாடா ராசா, இங்க மேல டிவிசன்லதான்" என்றாள். இடம் போதாமல் அந்த வீட்டு விளக்குகள் மதிலைத் தாண்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தின் மாமரத்திலும் ஏறியிருந்தன. அந்த வீட்டு உம்மா வெளியே வந்து எங்களுக்கும் ஒரு தட்டு வட்டிலப்பம் தந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ரோஷினியும் சித்தியும் அப்பாவை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாட்டுப் பாடும்போது அவருக்குச் சொல் தடுக்கவில்லை, மகனே. பேச்சில் வராதது பாட்டில் வந்தது. அத்தை செபமாலையை எப்போது உள்ளே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

டவுன் வீடுகள் முடிந்தன. லேசான தூறல். வீட்டுப் பக்கம் திருப்பலாம் என்று இண்டிகேட்டரைப் போட்டேன். அப்போது அப்பா, "மேல?" என்று கேட்டார். ரோஷினி மெதுவாக, "வேணாம்மா, ரோட்டெல்லாம் ஈரம், அடுத்த வருஷம் பாப்போம்" என்றாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவில்லை, ஒன்றுமில்லை. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் வழியைக் கேட்பது மாதிரிக் கேட்டார். இண்டிகேட்டரை மறுபக்கம் தள்ளினேன்.

ரத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டாம் கியரில் ஏறினேன். வளைவுக்கு வளைவு ஹார்ன். மேலே போகப்போக மூடுபனி. ஒரு கொண்டை வளைவைத் திரும்பினால், நேர் எதிரில் தோட்டத்து டிவிசனிலிருந்து இறங்கி வரும் பஸ், வழி முழுக்க அடைத்துக்கொண்டு. இரண்டு பேரும் பிரேக் அடித்தோம். இடது பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான், வலது பக்கம் பள்ளம். ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி என்று சட்டம், ஆனால் சனம் நிறைந்த பஸ் அந்த ஏற்றத்தில் எப்படிப் பின்னால் போகும்? பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். பொம்பளை என்று கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்டக்டரை இறக்கிவிட்டார். அந்தப் பொடியன் நனைந்துகொண்டு ஓடி வந்து, இறங்குங்க அக்கா, நான் எடுத்துத் தாறேன் என்று சிங்களத்தில் கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான். என் கை கதவுப் பிடிக்குப் போனது உண்மை. பிறகு, "ஓன நே மல்லி" என்றேன். வேண்டாம் தம்பி என்று. பின்னால் உன் சித்தப்பா மோட்டார் சைக்கிளை ஓரத்தில் போட்டுவிட்டு, போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க... இல்ல நில்லுங்க... வாங்க" என்று தடுமாறினார். "தம்பி, வெளிச்சத்த மட்டும் கான்ல புடிங்க, சத்தம் போடாதீங்க" என்று ஜன்னலால் சொன்னேன். கண்ணாடியில் கானின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அதை விடாமல் பார்த்துக்கொண்டு, கிளட்சைப் பாதி விட்டு, வளைவைச் சுற்றியே பின்னால் இறங்கினேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் கொஞ்சம் அகலம் இருக்கிறது, உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பஸ் உரசாமல் கடந்து போனது. போகும்போது டிரைவர் கையைத் தூக்கி, இரண்டு தரம் சின்னதாக ஹார்ன் அடித்தார். பஸ்ஸுக்குள் இருந்த சனம் ஜன்னல் ஜன்னலாகக் கையாட்டியது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா கண்ணை மூடியிருக்கிறார். "என்னங்க, பயந்து கண்ண மூடிட்டீங்களா?" என்றேன். "ஜெபம்" என்றார். பின் சீட்டில் உன் அத்தை, "பொம்பளன்னா இப்பிடி இருக்கணும்டி!" என்று ஒரு சத்தம் போட்டார் பார், பிள்ளைகள் எல்லாம் கைதட்டி, வேனே ஆடியது.

ஐயா வீட்டில் இந்த வருஷம் முற்றத்துச் சவுக்கு மரத்தை அடி முதல் நுனி வரை நீல விளக்கால் சுற்றியிருந்தார்கள். மூடுபனிக்குள் மரம் தெரியவில்லை, நீலம் மட்டும் வானத்துக்கு ஏறிப்போனது. அப்பாவை இறக்கியதும் ஐயாவும் அவர் வீட்டு அம்மாவும் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து, கேக்கும் தேநீரும் வந்த பிறகு அந்த அம்மா ஒரு தட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "பாவம், டிரைவர் தம்பி மழைக்குள்ள நிக்கிறாரு, யாரும் கூப்பிடலையா?" என்றார். யாரும் வாய் திறக்குமுன் உன் அப்பா இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "டிரைவர் இவதான்" என்றார். நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து இரண்டு சொல் சேர்ந்து, குழறாமல் வந்தது அன்றுதான். அந்த அம்மா தட்டை என் கையில் தந்துவிட்டு என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஐயா பக்கத்து லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனத்தையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். கொழுந்தெடுக்கும் பிள்ளைகள் வந்து வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி, "எப்பிடிக்கா இந்த வளைவெல்லாம் ஏத்துனீங்க? எங்கள மாதிரி ஆளும் பழகலாமா?" என்று கேட்டாள். லேர்னர்ஸ் எங்கே இருக்கிறது, என்ன பஸ் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நீ வீடியோவில் வந்தாய்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஷாமினி இங்கே வந்தபோது, தேங்காய் துருவிக்கொண்டே சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னாள். "டிரைவிங் படிக்கவான்னு அவருகிட்ட கேட்டேன் மாமி. ஒனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம், நான் இருக்கேன்லன்னு சொல்லிட்டாரு" என்றாள். மகனே, நீ உன் அப்பா வாயில் வந்ததை அர்த்தம் பிசகாமல் சொல்லியிருக்கிறாய். அவர் கெட்டவரா? அவரை விட நல்லவர் எனக்குக் கிடைத்திருக்க முடியாது. நீயும் கெட்டவன் இல்லை. ஆனால் நல்லவன் சொல்லும் "வேண்டாம்" இருக்கிறதே, அதை எதிர்த்துப் பேசுவது பெண்ணுக்கு ரொம்பக் கஷ்டம். கெட்டவன் சொன்னால் சண்டை போடலாம். உன்னைப் போன்றவன் சொன்னால் சந்தோஷப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் உட்கார்ந்த மாதிரி. அவள் கேட்டது உதவி இல்லை, அனுமதியும் இல்லை. தன் ஆசையை உன்னிடம் சொன்னாள். அவளைக் கூப்பிட்டு, படி என்று சொல். பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கத்தாதே. கேட் தூணை இடித்தால் நீயும் சிரி.

வேனை விற்கும் பேச்சு இனி வேண்டாம். கல்யாண வேலை அவ்வளவும் அதில்தான் நடக்கிறது. பந்தல்காரரிடம் போனதும் நான்தான், அழைப்பிதழ் கொடுக்க வில்கமுவ வரை போய் வந்ததும் நான்தான். அங்கே வயல்கரையில் நின்ற உன் மாமா, வேனை ஓட்டி வந்தது யார் என்று பார்த்துவிட்டு, பாதி வழி வரை டிராக்டரில் கூடவே வந்து வழியனுப்பினார். அப்பா இப்போது காலையில் தானே எழுந்து உட்காருகிறார். "இன்னிக்கு எங்க?" என்று கேட்கிறார். மூன்று சொல் சேர்ந்து வருகிற நாளும் உண்டு.

நீ வந்து இறங்கும்போது கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு வேன் ஓட்ட ஆள் பிடிக்கச் சொல்லியிருந்தாய். பிடிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை குருநாகல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டோம், பாதை நன்றாக இருக்கிறது. வெளியே வந்ததும் எங்களைத் தேடாதே, ஹார்ன் அடிப்பேன். முன் சீட் அப்பாவுடையது, அதை அவர் யாருக்கும் விடமாட்டார். நீ பெட்டிகளோடு பின்னால் ஏறிக்கொள். களைப்பாக இருந்தால் தூங்கு. பலாபத்வல வந்ததும் நான் எழுப்புகிறேன்.

உன் அம்மா